12 நாள் ஆச்சு, போன் பண்ணலாமா அக்கா?

குடியாத்தத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதிருக்கா. லெட்டர் பெருசு, முக்கியமானதை மட்டும் இங்க போடறேன்.

"அக்கா, நான் 2023ல பி.காம் முடிச்சேன். ரெண்டு வருஷமா எங்க ஊர்லயே ஒரு லுங்கி மொத்த வியாபாரக் கடைல கணக்கு பார்க்கறேன். பில் போடறது, டேலி சாஃப்ட்வேர்ல ஏத்தறது, ஆடிட்டர் ஆஃபீஸுக்கு ஜிஎஸ்டி டீட்டெய்ல்ஸ் அனுப்பறது, ஜிஎஸ்டி போர்ட்டல்ல மாசா மாசம் வர்ற 2பி லிஸ்ட்ல, அதாவது நமக்கு சரக்கு தந்தவங்க ஏத்தின பில் லிஸ்ட்ல, வராத பில்லுக்கு ஈரோட்டு பார்ட்டிக்கு போன் போட்டு ஃபைல் பண்ண வைக்கறது, இப்படி சின்ன சின்ன வேலைதான். கம்பெனி வேலைக்கு போகணும்னு நாலு இன்டர்வியூ போயிட்டேன். எல்லா இடத்துலயும் உங்களைப் பத்தி சொல்லுங்கன்னு கேட்டதுமே, மனப்பாடம் பண்ண இங்கிலீஷ் பாதில நின்னுடுது. கடைசியா போன வேலூர் கம்பெனில சொல்லி அனுப்பறோம்னாங்க, 12 நாள் ஆச்சு. போன் பண்ணா தொல்லை பண்றா பாருன்னு நெனப்பாங்களோன்னு பயமா இருக்கு. வர்ற வியாழக்கிழமை ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு லெதர் கம்பெனில அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் இன்டர்வியூ. அப்பா தெரிஞ்சவர் மூலமா சொல்லி வைக்கலாம்றாரு. கல்யாணம் எப்போன்னு வேற கேக்கறாங்க, சம்பளம் எவ்ளோ வேணும்னு கேட்டா என்ன சொல்றதுன்னே தெரில. எங்க ஊர் பேச்சு வாய்ல வந்துடுமோன்னு அது ஒரு பயம். ஒரு வழி சொல்லுங்க அக்கா."

முதல்ல போன் விஷயத்தை முடிச்சிடறேன், அதான் உன்னை தூங்க விடாம வச்சிருக்குன்னு எழுத்துலயே தெரியுது. பண்ணுமா. தாராளமா பண்ணு. நான் 16 வருஷமா ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி, லெதர் கம்பெனின்னு எச்ஆர்ல இருக்கேன், இன்டர்வியூக்கு வந்த புள்ள ஒரு தடவை போன் பண்ணி மரியாதையா கேட்டதுக்காக அந்த பேரை லிஸ்ட்ல அடிச்ச மேனேஜர் ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல. ஒரே நாள்ல நாலு தடவை கூப்டவங்க, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுகிட்ட குரலை உசத்தி பேசினவங்க, அவங்க பேரை அடிச்சிருக்காங்க. அது வேற கதை.

12 நாள் சத்தமே இல்லன்னா நம்மளை வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நீயா நெனச்சிகினு இருக்க. உள்ள இன்னா நடக்குதுன்னு சொல்றேன் கேளு. மாசம் பொறந்து ஒரு வாரத்துக்கு எச்ஆர்ல சம்பள வேலைதான் ஓடும், அட்டெண்டன்ஸ், ஓவர்டைம், லீவு கணக்குன்னு தலையை தூக்க முடியாது, அது முடிஞ்சா 15 தேதிக்குள்ள பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டணும். அக்கவுண்ட்ஸ் பக்கம் 11 தேதி வித்த பில்லை ஏத்தற ஜிஎஸ்டிஆர் 1, 20 தேதி வரி கட்டற 3பி, இது உனக்கே தெரியும். உன்னை பார்த்த அக்கவுண்ட்ஸ் மேனேஜரும் எச்ஆரும் ஒரே நேரத்துல உக்கார்ந்து பேசறதுக்கே மாசத்துல நாலஞ்சு நாள்தான் கெடைக்கும், அதுக்கு மேல முதலாளி கையெழுத்து போடணும். போன வருஷம் நான் ஒரு பையனோட ஃபைலை மூணு வாரம் டேபிள்லயே வச்சிருந்தேன், எடுக்கறதுன்னு முடிவாயிடுச்சு, ஆனா எம்டி வெளிநாட்டுல லெதர் ஃபேருக்கு போயிருந்தாரு, கையெழுத்து இல்லாம நான் ஒன்னும் சொல்ல முடியல. லேட் ஆகும்னு ஒரு வார்த்தையாவது அவனுக்கு சொல்லிருக்கணும், சொல்லல, அது என் தப்புதான். பதினஞ்சாவது நாள் அவனே போன் பண்ணான், மேடம் வேற ஒரு இடத்துல சேர சொல்றாங்க, உங்க கம்பெனிக்குத்தான் வரணும்னு இருக்கேன், எப்போ தெரியும்னு மட்டும் சொல்ல முடியுமான்னு கேட்டான். ஒரு வாரம் பொறுத்துக்கோபான்னேன், பொறுத்துகினான், இப்ப எங்க டிஸ்பாட்ச்ல இருக்கான். அவன் போன் பண்ணலன்னா அந்த வாரமே வேற எடத்துல சேர்ந்திருப்பான்.

இதுல எனக்கு இவ்ளோ பிடிவாதம் ஏன்னா நானே பயந்து ஒரு வேலையை விட்டவ. 2008ல காட்பாடில விடிகாலை ரயில் புடிச்சி கிண்டில ஒரு இன்டர்வியூ போனேன், நல்லாவே பண்ணேன்னு எனக்கே தெரியும், ஆனா ரெஸ்யூம்ல எங்க அண்ணன் நம்பரைத்தான் குடுத்திருந்தேன், வீட்ல அப்போ அது ஒன்னுதான் போன். அண்ணன் நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து பகல்ல போனை ஆஃப் பண்ணிட்டு தூங்குவான். மூணு வாரம் நான் வாயே தொறக்கல, கேட்டா அல்பமா நெனப்பாங்கன்னு. கடைசியா தைரியம் வந்து எஸ்டிடி பூத்துல இருந்து பேசினா, ரெண்டு நாள் உங்களை ட்ரை பண்ணோம்மா, சுவிட்ச் ஆஃப்லயே இருந்துது, வேற ஆளை போட்டுட்டோம்ன்றாங்க. ஒரு ரூபா காயின் போட்டு மூணாவது நாளே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அதனால ரெஸ்யூம்ல உன் சொந்த நம்பர் இருக்கணும், கூடவே வீட்ல எப்பவும் எடுக்கற இன்னொரு நம்பரும் இருக்கணும், தெரியாத நம்பர் வந்தா எடுக்க மாட்டேன்ற பழக்கத்தை வேலை கெடைக்கற வரைக்கும் மறந்துடு.

சரி, எப்படி பேசறது. இன்னைக்கு 17, எச்ஆர்ல பிஎஃப் கட்டி முடிச்சிருப்பாங்க, நல்ல நேரம். காலைல பத்தரைல இருந்து பன்னெண்டுக்குள்ள பண்ணு, லஞ்ச் நேரமும் சாயங்காலம் ஷிஃப்ட் விடற நேரமும் வேணாம். எடுத்ததும் உன் பேரு, எந்த தேதி, எந்த வேலைக்கு இன்டர்வியூக்கு வந்தன்னு சொல்லு. "அந்த வேலை விஷயம் என்ன நெலமைல இருக்குன்னு தெரிஞ்சிக்கலாம்னு கூப்டேன் சார், இன்னும் முடிவாகலன்னா எப்போ கூப்ட்டா சரியா இருக்கும்?" அவ்ளோதான். செலக்ட் ஆயிட்டேனா இல்லையான்னு நேரா கேட்டா அந்த பக்கம் இருக்கறவங்க பதில் சொல்ல முடியாம மாட்டிக்குவாங்க, எப்போ கூப்டறதுன்னு கேட்டா ஒரு தேதி சொல்லுவாங்க. அந்த தேதியை நோட்ல குறிச்சி வச்சி அன்னைக்கு கரெக்டா கூப்டு.

இப்ப வியாழக்கிழமைக்கு வரேன், இங்கதான் உன்கூட கொஞ்சம் சண்டை போடணும். நீ லெட்டர்ல "இப்படி சின்ன சின்ன வேலைதான்"னு எழுதிருக்க பாரு, அந்த ஒரு வரிதான் உன் நாலு இன்டர்வியூவையும் கெடுத்திருக்குன்னு நான் நெனக்கறேன். 2பில வராத பில்லுக்கு ஈரோட்டு பார்ட்டிக்கு போன் போட்டு ஃபைல் பண்ண வச்சேன்னு போற போக்குல எழுதிருக்க. அது இன்னா வேலைன்னு உனக்கே தெரில. சப்ளையர் அவரோட ஜிஎஸ்டிஆர் 1ல நம்ம பில்லை ஏத்தலன்னா 14 தேதி வர்ற 2பில அது இருக்காது, இல்லன்னா அந்த வரியை நாம கட்ட வேண்டிய வரில கழிச்சி கிரெடிட் எடுக்க முடியாது, முதலாளி கைக்காசை போட்டு கட்டணும். நீ அதை கவனிச்சி, எந்த பில் விட்டுப்போச்சுன்னு கண்டுபுடிச்சி, பெரிய பார்ட்டிகிட்ட போன்ல பேசி, அவங்களை ஏத்த வச்சிருக்க. எம்.காம் படிச்சிட்டு வர்ற எத்தனையோ பேருகிட்ட நான் 2பின்னா இன்னான்னு அக்கவுண்ட்ஸ் மேனேஜர் கேக்கறதை பார்த்திருக்கேன், முழிப்பாங்க. ரெண்டு வருஷம் மாசா மாசம் இதை செஞ்சவ சின்ன வேலைன்றா.

அப்போ "உங்களைப் பத்தி சொல்லுங்க"ன்னா எங்க அப்பா பேரு, எங்க ஊரு, என் ஹாபின்னு போகாத. அந்த மனப்பாடத்தை தூக்கி போடு, நெட்ல இருந்து எடுத்ததா இருக்கும், வர்ற பத்து பேருல எட்டு பேரு அதையேதான் சொல்றாங்க, கேட்டு கேட்டு எங்களுக்கே மனப்பாடம். நீ சொல்ல வேண்டியது ஒரு நிமிஷம் வர்ற மாதிரி இது: குடியாத்தத்துல லுங்கி மொத்த வியாபாரத்துல ரெண்டு வருஷமா முழு கணக்கும் நான் பார்க்கறேன், மாசம் இத்தனை சேல்ஸ் பில், இத்தனை பர்ச்சேஸ் பில் டேலில போடறேன், பேங்க் ஸ்டேட்மென்ட் டேலி பண்றேன், மாசா மாசம் பர்ச்சேஸை 2பியோட ஒத்துப்பார்த்து விட்டுப்போன பில்லுக்கு பார்ட்டிகிட்ட ஃபாலோ பண்ணி வாங்கறேன். அப்பால நிஜமா நடந்த ஒரு சம்பவம். எந்த மாசம், எவ்ளோ ரூபா வரி மாட்டிகினு இருந்துது, நீ இன்னா பண்ண, எப்போ வந்துது. பில் எத்தனைன்னு தோராயமா சொல்லாம நாளைக்கே டேலிய தொறந்து எண்ணிட்டு வா. ஆனா ஒன்னு, கடைக்காரரோட பார்ட்டி பேரு, ரேட்டு, பில் காப்பி எதையும் இன்டர்வியூக்கு எடுத்துகினு போகாத, சொல்லாத. இன்னைக்கு அவரோட கணக்கை வெளில சொல்றவ நாளைக்கு எங்க கணக்கையும் சொல்லுவான்னு நானே நெனப்பேன்.

கடைல பேஸ்லிப் இல்ல, பிஎஃப் இல்ல, அது எக்ஸ்பீரியன்ஸே இல்லன்னு யாராவது சொல்லிருப்பாங்க. கடைக்காரர்கிட்ட அவரோட லெட்டர்ஹெட்ல, ஜிஎஸ்டி நம்பரோட, எந்த மாசத்துல இருந்து இன்னா வேலை பார்த்தன்னு நாலு வரி எழுதி கையெழுத்து, சீல் வாங்கு. வேலை தேடறது அவருக்கு தெரியக்கூடாதுன்னா இப்போ வேணாம், ஆஃபர் வந்த அப்புறம் வாங்கிக்கலாம். கடையை கம்பெனின்னு மட்டும் சொல்லாத. லுங்கிக் கடைன்னே சொல்லு.

லெதர் கம்பெனில இன்னா கேப்பாங்க. பர்ச்சேஸ் என்ட்ரி கண்டிப்பா வரும். 1,00,000 ரூபா சரக்கு, 5 பர்சென்ட் ஜிஎஸ்டின்னா, தமிழ்நாட்டு பார்ட்டியா இருந்தா பர்ச்சேஸ் 1,00,000, மத்திய அரசு பங்கு இன்புட் சிஜிஎஸ்டி 2,500, மாநில பங்கு எஸ்ஜிஎஸ்டி 2,500 டெபிட், பார்ட்டிக்கு 1,05,000 கிரெடிட். அதே சரக்கு வெளி மாநிலம், சித்தூர்ல இருந்து வந்தா ஐஜிஎஸ்டி 5,000ன்னு ஒரே வரி. உனக்கு இது தூக்கத்துல வரும், ஏன்னா உங்க ஊர்ல இருந்து ஆந்திரா பார்டர் எட்டற தூரம்தான். சரக்கு வண்டில போகும்போது போடற ஈவே பில்லும் அப்படித்தான், வெளி மாநிலத்துக்கு 50,000க்கு மேல போனா போடணும், தமிழ்நாட்டுக்குள்ளயே போனா 1,00,000க்கு மேல, இந்த வித்தியாசத்தை கேட்டு மடக்குவாங்க. டேலில உக்கார வைப்பாங்க, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ்னு கை தானா போகணும், மவுஸை தேடிகினு இருக்கக்கூடாது. எக்ஸெல்ல விலுக்அப்பும் பிவட்டும் ஞாயித்துக்கிழமை ஒரு நாள் உக்கார்ந்தா பழகிக்கலாம்.

உனக்கு புதுசா இருக்கப்போறது ஜாப் வொர்க். தோலை ஒரு கம்பெனி வாங்கும், பதப்படுத்தி வெட் ப்ளூ ஆக்கறதுக்கோ ஃபினிஷிங் பண்றதுக்கோ இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பும், இது ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தினம் நடக்கற வேலை. அப்படி அனுப்பும்போது அது விற்பனை இல்ல, அதனால டெலிவரி சலான் போட்டு அனுப்புவாங்க, ஒரு வருஷத்துக்குள்ள சரக்கு திரும்ப வரணும் இல்லாட்டி அங்கிருந்தே வித்துடணும், ரெண்டும் நடக்கலன்னா அனுப்பின தேதிலயே வித்த மாதிரி கணக்காயிடும், வரி வட்டியோட வரும். போன சலான், வந்த சலான் கணக்கை ஐடிசி 04ன்ற ஜிஎஸ்டி ஃபார்ம்ல ஏத்தணும். இதை படிச்சிட்டு போய், "சார் நான் இதை செஞ்சதில்ல, ஆனா சலான் எப்படி போகும்னு படிச்சேன், எங்க கடைலயும் நூலை சாயம் போட அனுப்பறோம், அது கிட்டத்தட்ட இதே மாதிரின்னு நெனக்கறேன், சரியா சார்?"னு கேளு. உங்க கடைல அப்படி அனுப்பறது நிஜமா இருந்தா மட்டும் சொல்லு. தெரியாததை தெரியாதுன்னு சொல்லி, தெரிஞ்ச ஒன்னோட முடிச்சு போட்டு கேக்கற புள்ளையை அக்கவுண்ட்ஸ் மேனேஜருங்க விடவே மாட்டாங்க. ஏற்றுமதி கம்பெனியா இருந்தா எல்யுடின்னு ஒரு வார்த்தை காதுல விழும், ஐஜிஎஸ்டி கட்டாம எக்ஸ்போர்ட் பண்றதுக்கு வருஷா வருஷம் போடற லெட்டர் அது, அவ்ளோ தெரிஞ்சா போதும்.

ஊர் பேச்சு பத்தி. எங்களுக்கும் அதே பேச்சுதான்மா. ராணிப்பேட்டைல உள்ள போனா செக்யூரிட்டில இருந்து சூப்பர்வைசர் வரைக்கும் எல்லாரும் வந்துகினு போயிகினுதான் பேசறாங்க, உன்னை யாரும் அதுக்காக ஒதுக்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல ரெண்டு வரி நிதானமா, உன் பேரு, படிப்பு, இப்ப பார்க்கற வேலை, இதை நீயே எழுதின எளிய வார்த்தைல சொல்லு, அப்புறம் "சார், வேலையைப் பத்தி தமிழ்ல வெவரமா சொல்லலாமா?"ன்னு கேட்டுட்டு தமிழுக்கு வந்துடு. நான் உக்கார்ந்த இன்டர்வியூல இப்படி கேட்டு வேணாம்னு சொன்ன ஆளே இல்ல. ஆனா அக்கவுண்ட்ஸ்ல மெயில் வரும், இங்கிலீஷ் மெயிலை படிச்சி ரெண்டு வரி பதில் போட தெரியணும், அதை மட்டும் இப்பவே பழகு, தினம் ஒன்னு எழுதிப் பாரு.

கல்யாணக் கேள்வி. இதை கேக்கவே கூடாது, நான் இருக்கற ரூம்ல யாராவது ஆரம்பிச்சா நான் பேச்சை மாத்திடுவேன், பசங்ககிட்ட யாரும் இதை கேக்கறதில்ல. ஆனா நீ தனியா உக்கார்ந்திருக்கும்போது கேட்டா கோவப்பட்டு ஒன்னும் ஆகப்போறதில்ல, பொய்யும் சொல்ல வேணாம். அவங்க மனசுல இருக்கறது ஆறு மாசத்துல நின்னுடுவாளோன்றதுதான். "நான் தொடர்ந்து வேலை பார்க்கத்தான் வந்திருக்கேன் சார், வீட்லயும் அதுக்கு சம்மதம்"னு சொல்லி நிறுத்திக்கோ. அதுக்கு மேல தோண்டினா, அந்த எடம் எப்படின்னு நீ தெரிஞ்சிக்கறதுக்கும் அது ஒரு வழி. நீயும் அவங்களை கேக்கலாம்: மாசக் கடைசில, 20 தேதி நெருக்கத்துல எத்தனை மணிக்கு விடுவீங்க, லேட் ஆனா கம்பெனி வண்டி உண்டா, அக்கவுண்ட்ஸ்ல வேற லேடீஸ் இருக்காங்களா. இதெல்லாம் கேக்கறது தப்பே இல்ல.

சம்பளத்துல எல்லாரும் ஏமாறற எடம் ஒன்னு இருக்கு, அதை மட்டும் நல்லா புரிஞ்சிக்கோ. சிடிசி, அதாவது உனக்காக கம்பெனிக்கு ஆகற மொத்த செலவு, 17,960ன்னு சொல்லுவாங்க, உனக்கு 18,000 கைக்கு வர்ற மாதிரி தோணும். அதுக்குள்ள கம்பெனி தன் பங்குக்கு கட்டற பிஎஃப், ஈஎஸ்ஐயும் சேர்ந்திருக்கும். உதாரணத்துக்கு மொத்த சம்பளம் 16,000, அதுல பேசிக் 12,000ன்னு வச்சிக்கோ. உன்கிட்ட பிஎஃப் 12 பர்சென்ட், 1,440 புடிப்பாங்க, ஈஎஸ்ஐ 0.75 பர்சென்ட், 120 புடிப்பாங்க, கைக்கு வர்றது 14,440. கம்பெனி அதே மாதிரி பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ 3.25 பர்சென்ட்ல 520 போடும், அதையும் சேர்த்துதான் 17,960. பிஎஃப் உன் காசுதான், எங்கயும் போகல, மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு ஈஎஸ்ஐ இருந்தா வீட்ல அப்பா அம்மா உன்னை நம்பி இருந்தாங்கன்னா அவங்க வைத்தியத்துக்கும் ஆகும், அதனால புடிக்காம கையில குடுக்கறேன்றவங்களைவிட புடிக்கறவங்க மேல். ஆனா கேக்கும்போது "கைக்கு எவ்ளோ சார் வரும்?"னு கேட்டு தெரிஞ்சிக்கோ.

எவ்ளோ வேணும்னு அவங்க கேட்டா, "உங்க விருப்பம் சார்"னு சொல்லாத. குடியாத்தத்துல இருந்து தினம் போய்வர ஆகற பஸ் செலவை கணக்கு பண்ணு, லேடீஸ் ஃப்ரீ டவுன் பஸ்லதான், ஊர் விட்டு ஊர் போற பஸ்ல டிக்கெட் எடுக்கணும். இப்ப கடைல வாங்கறதோட அதை சேர்த்து, அதுக்கு மேல கொஞ்சம் வச்சி, ஒரு நம்பர் சொல்லு. "இப்ப இவ்ளோ வாங்கறேன் சார், டிராவல் இவ்ளோ ஆகும், அதனால கைக்கு இவ்ளோ எதிர்பார்க்கறேன்"னு காரணத்தோட சொன்னா யாரும் கோவப்பட மாட்டாங்க, கொறைச்சி பேசுவாங்க, பேசட்டும்.

அப்பா சொல்ற தெரிஞ்சவர் விஷயம். நம்ம பக்கம் பாதி வேலை தெரிஞ்சவங்க மூலமாத்தான் காதுக்கே வருது, அதுல வெக்கப்பட ஒன்னுமில்ல. அந்த கம்பெனிலயே வேலை பார்க்கறவரா இருந்தா, இந்த புள்ள வியாழக்கிழமை வருது, குடும்பத்தை தெரியும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லட்டும், நல்லது. இன்டர்வியூ முடிஞ்சப்புறம் வெளில இருந்து பெரிய ஆளை வச்சி போன் போட்டு அழுத்தம் குடுக்கறது மட்டும் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. உனக்கு மேல உக்காரப்போற மேனேஜருக்கு அது முதல் நாளே கசப்பாயிடும், நீ எவ்ளோ நல்லா வேலை பார்த்தாலும் சிபாரிசுல வந்தவன்ற பேரு போகாது. காசு கேக்கற ஆளு யாரா இருந்தாலும், ரெஜிஸ்ட்ரேஷன், டெபாசிட், யூனிஃபார்ம்னு எந்த பேருல கேட்டாலும், எழுந்து வந்துடு.

சர்ட்டிஃபிகேட் ஒரிஜினல் எடுத்துகினு போ, காட்டு, திரும்ப வாங்கிகினு வா. வச்சிட்டு போம்மான்னா ஜெராக்ஸ்தான் தர முடியும் சார்னு சொல்லு, அதுக்கு ரெண்டு செட் எடுத்து வை. ஆதார்ல உன் பேரும் பொறந்த தேதியும் பத்தாவது மார்க்ஷீட்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு இன்னைக்கே பாரு, ஒன்னுல இனிஷியல், இன்னொன்னுல அப்பா பேரு முழுசா இருந்தா பிஎஃப் நம்பர் போடும்போது மாசக்கணக்குல இழுக்கும், வேலை கெடைக்கறதுக்கு முன்னாடியே சரி பண்ணிக்கலாம்.

சிப்காட்டுன்னா ஒரே எடம் இல்ல, ஃபேஸ் ஒன்னு, ரெண்டு, மூணுன்னு விரிஞ்சி கெடக்கு, எந்த ஃபேஸ், எந்த கேட்னு முன்னாடியே போன்ல கேட்டுக்கோ. முத்துக்கடைல எறங்கி அங்கிருந்து ஷேர் ஆட்டோ, டவுன் பஸ்ஸு. குடியாத்தம் பஸ்ஸு வேலூர்க்குள்ள மாட்டினா கிரீன் சர்க்கிள் தாண்டறதுக்கே நேரம் போயிடும், அதனால பத்து மணி இன்டர்வியூன்னா ஒம்போதேகாலுக்கு கேட்ல நிக்கற மாதிரி கெளம்பு. முடிஞ்சா ஞாயித்துக்கிழமை அப்பாவோட ஒரு தடவை போய் எடத்தை பார்த்துட்டு வா. தோல் வாசனை பழகாதவங்களுக்கு மொதல்ல கொமட்டும், அன்னைக்குத்தான் மொதல் தடவையா அது மூக்குல ஏறினா பேச்சு வராது, அதுக்கும் சேர்த்துதான் சொல்றேன். துணிக்கு பெருசா யோசிக்காத, இஸ்திரி போட்ட சுடிதார் போதும்.

வியாழன் வர்றதுக்குள்ள 20 தேதி தாண்டிடும், 3பி முடிஞ்சி மேனேஜர் கொஞ்சம் மூச்சு விட்டுகினு இருப்பாரு, அது உனக்கு சாதகம். எழுந்து வர்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்டுகினு வா. முடிவு எந்த தேதிக்குள்ள தெரியும், யாரை கேக்கணும், அவங்க நம்பரோ மெயிலோ குடுக்க முடியுமா. இந்த கேள்வியை அங்கயே கேட்டிருந்தா 12 நாள் நீ இப்படி தவிச்சிருக்க மாட்ட.

வெளில வந்ததும் முத்துக்கடைல பஸ்ஸுக்கு நிக்கும்போதே நோட்ல எழுதிடு, யாரு பேசினாங்க, இன்னா கேட்டாங்க, எதுக்கு பதில் வரல. வீட்டுக்கு வந்து எழுதலாம்னா பாதி மறந்துடும். அன்னைக்கு சாயங்காலமே ஒரு மெயில், மெயில் இல்லன்னா வாட்ஸ்அப்ல, குட் மார்னிங் படம் எதுவும் இல்லாம நாலு வரி. "வணக்கம் சார், இன்னைக்கு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் இன்டர்வியூக்கு வந்திருந்தேன், நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. ஜாப் வொர்க் சலான்ல நீங்க கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, வந்து பார்த்தேன், இதுதான் சரின்னு நெனக்கறேன். இந்த வேலைல சேர எனக்கு விருப்பம். உங்க பதிலுக்கு காத்திருக்கேன்." தெரியாத கேள்விக்கு அன்னைக்கு ராத்திரியே பதில் தேடி அனுப்பற ஆளு ரொம்ப கம்மிமா, இத்தனை வருஷத்துல எனக்கு அப்படி வந்த மெசேஜை விரல் விட்டு எண்ணிடலாம், அதுல பாதிக்கு மேல நாங்க எடுத்த ஆளுங்க.

அவங்க சொன்ன தேதி தாண்டி ரெண்டு நாள் பார்த்துட்டு ஒரு போன். அதுக்கும் ஒன்னும் வரலன்னா ஒரு வாரம் விட்டு ஒரு கடைசி மெசேஜ், "வேற ஆளை எடுத்திருந்தாலும் பரவால்ல சார், அடுத்து இந்த மாதிரி வேலை வந்தா என்னையும் நெனச்சிக்கோங்க"ன்னு. அதோட நிறுத்திடு. இது சும்மா மரியாதைக்கு போடறதில்ல. மொதல்ல செலக்ட் ஆன ஆளு பாதி நேரம் சேர மாட்டாங்க, பெங்களூர்ல கெடச்சிடுச்சி, வீட்ல அனுப்பலன்னு கடைசி நாள் சொல்லுவாங்க, அப்போ நாங்க ரெண்டாவதா இருந்த ஆளைத்தான் தேடுவோம், போன்ல மேல இருக்கற மெசேஜைத்தான் முதல்ல பார்ப்போம்.

இதுக்கு நடுவுல ஒரே கம்பெனியை நம்பி உக்கார்ந்துகினு இருக்காத. தமிழ்நாடு அரசோட தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்துல பதிஞ்சி வை, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தனியார் கம்பெனிங்களை கூப்ட்டு முகாம் போடுவாங்க, அதுக்கும் போ. வேலூர் மாவட்டத்தை 2019ல மூணா பிரிச்சப்புறம் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்லயும் தனித்தனியா நடக்குது, மூணு எடமும் உனக்கு பஸ்ல போய்வர்ற தூரம்தான்.

உன் ரெஸ்யூம்ல "கணக்கு எழுதுதல்"னு ஒரே வரில முடிச்சிருப்பன்னு நெனக்கறேன். அதை இன்னைக்கு ராத்திரி மாத்து, நான் மேல கேட்ட பில் எண்ணிக்கை, பேங்க் டேலி, 2பி, மூணும் தனித்தனி வரியா வரட்டும். அந்த வேலூர் கம்பெனிக்கு நாளைக்கு காலைல பன்னெண்டுக்குள்ள போன் பண்ணிட்டு, இன்னா சொன்னாங்கன்னு எனக்கு ஒரு வரி எழுது.